நாயோடு டிஸ்க் விளையாட்டு: நண்பர்கள் சேர்ந்து தொடங்குவது எப்படி

முதல் இரண்டு வாரம் நாயை வீட்டில் விட்டுவிட்டு மைதானத்துக்குப் போங்கள். நாம் எறியும் டிஸ்க்கை, அதாவது பறக்கும் பிளாஸ்டிக் தட்டை, நாய் ஓடிப் பிடிக்கும் இந்த விளையாட்டில் முதலில் பழக வேண்டியது நம் கை. கோணலாகவோ தலைக்கு நேர் மேலேயோ போகும் டிஸ்க்கைப் பிடிக்க நாய் காற்றிலேயே உடம்பை முறுக்கும். பின்னங்கால் இரண்டை மட்டும் ஊன்றிச் செங்குத்தாக இறங்கும். முழங்கால் ஜவ்வும் முதுகும் கெடுவது இப்படித்தான். தப்பு எறிந்தவருடையது, வலி நாய்க்கு.

ஆளுக்கு ஐந்து டிஸ்க் எடுத்துக்கொண்டு 15 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நில்லுங்கள். பெருவிரல் மேலே, ஆள்காட்டி விரல் விளிம்பை ஒட்டி, மற்ற மூன்றும் அடியில் மடங்கியிருக்கட்டும். தோளால் வீசாமல் மணிக்கட்டைச் சுண்டுங்கள். சுழற்சி குறைந்தால் டிஸ்க் தள்ளாடும். வேகத்தைக் கூட்டினாலும் அது சரியாகாது. வலது கைக்காரர் எறிவதெல்லாம் வலப்புறம் புரண்டு விழுந்தால், கைக்கு எதிர்ப்புற விளிம்பைச் சற்றுத் தாழ்த்தி விடவேண்டும். எதிர்க்காற்று டிஸ்க்கைத் தூக்கும், அப்போது தாழ்வாக எறியுங்கள். பின்காற்று அமுக்கும், முன்விளிம்பைச் சிறிது உயர்த்துங்கள். பத்தில் எட்டை எதிரே நிற்பவர் இடம் நகராமல் பிடிக்க முடிந்தால் நாயை அழைத்து வரலாம்.

மனிதர்கள் ஆடும் 175 கிராம் டிஸ்க் நாய்க்கு ஆகாது. ஈறைக் கிழிக்கும், பல்லை உடைக்கும். ஹைப்பர்ஃப்ளைட், ஹீரோ போன்ற நிறுவனங்கள் நாய்க்கென்றே செய்யும் டிஸ்க்குகள் வளைந்து கொடுக்கும், ஏறக்குறைய 100 கிராம் எடை, 23 சென்டிமீட்டர் அகலம். சின்ன நாய்களுக்கு அதைவிடச் சிறியவை உண்டு. பல் பட்டுப் பிசிறு எழுந்த விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள். விரிசல் விட்டதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எலும்பு வளர்ச்சி முடியாத குட்டியைத் தாவ விடக்கூடாது. பெரும்பாலான நாய்களுக்கு 14 முதல் 18 மாதம், பெரிய இனங்களுக்கு இன்னும் கூடுதல். கால்நடை மருத்துவரிடம் இடுப்பையும் முழங்காலையும் காட்டிவிட்டே தொடங்குங்கள்.

நாய்க்கு முதல் பாடம் உருட்டுதான். டிஸ்க்கைச் சக்கரம்போல் நிமிர்த்தித் தரையில் உருட்டினால் துரத்திக் கவ்வும், தாவாது. குட்டிகளுக்கும் இது போதும். அடுத்து, மண்டியிட்டு இரண்டு மூன்று மீட்டருக்குத் தாழ்வாக எறியுங்கள். டிஸ்க் நாயின் முகத்தை நோக்கி வரக்கூடாது. அது ஓடும் திசையிலேயே, அதற்கு முன்னால் மிதந்து போகவேண்டும்.

பலரும் மாட்டிக்கொள்வது டிஸ்க்கைத் திரும்ப வாங்குவதில். கவ்விக்கொண்டு ஓடும் நாயைத் துரத்தினீர்களோ, அதுவே அதற்கு ஆட்டமாகிவிடும். ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் வைத்துக்கொள்ளுங்கள். நாய் முதலாவதைப் பிடித்ததும் இரண்டாவதை ஆட்டிக் காட்டி எதிர்ப்பக்கம் நகருங்கள். வாயில் இருப்பதைக் கீழே போட்ட அந்தக் கணமே எறியுங்கள். ஆரம்பத்தில் 10 மீட்டர் கயிறு கட்டியிருப்பது நல்லது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்குத் துரத்தல் இரத்தத்திலேயே உண்டு, திரும்பக் கொண்டுவரும் பழக்கத்துக்குத்தான் பொறுமை வேண்டும். 1974-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர் மைதானத்தில் பேஸ்பால் ஆட்டத்துக்கு நடுவே புகுந்து இந்த விளையாட்டை உலகுக்குக் காட்டிய ஆஷ்லி விப்பட் என்ற நாயும் கண்ணால் பார்த்துத் துரத்தும் இனம்தான்.

பிறகு, உங்களைச் சுற்றி ஓடிவரப் பழக்குங்கள். நாய் உங்கள் முதுகுப்புறம் சுற்றி முன்னே பாயும்போதுதான் எறிய வேண்டும். நின்றுகொண்டு உங்கள் கையையே பார்க்கும் நாய் டிஸ்க் பறந்த பிறகே கிளம்பும், எட்டாது, சலித்துப்போகும்.

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்ததும் 45 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் புல்தரை தேடுங்கள். பள்ளம், கண்ணாடிச் சில்லு, முள் இருக்கிறதா என்று நடந்து பார்த்துவிடுங்கள். சிமெண்டுத் தரை வேண்டாம். எறியும் கோட்டிலிருந்து ஒவ்வொரு 9 மீட்டருக்கும் கோலமாவால் ஒரு கோடு. ஒருவர் எறிய, ஒருவர் சுற்றுக்கு 60 விநாடி என்று நேரம் பார்க்க, ஒருவர் கோட்டருகே நின்று மதிப்பெண் சொல்லட்டும். 9 மீட்டருக்குள் பிடித்தால் ஒன்றுமில்லை, அதற்கப்பால் கட்டத்துக்குக் கட்டம் 1, 2, 3, 4. நாலு காலும் தரையை விட்டு எழும்பிப் பிடித்தால் பல போட்டிகளில் அரை மதிப்பெண் கூடுதல் தருகிறார்கள். பின்னங்கால் பதியும் கட்டமே கணக்கு என்று முன்கூட்டியே பேசிவையுங்கள்; சண்டை வருவது அதில்தான். எறிபவர் கோட்டைத் தாண்டினால் அந்த எறிதல் செல்லாது.

களத்தில் ஒரு நேரத்தில் ஒரே நாய். இது தளர்த்தவே கூடாத விதி. பறக்கும் ஒரு டிஸ்க்கை நோக்கி இரண்டு நாய்கள் பாய்ந்தால் முட்டிக்கொள்ளும், கடித்துக்கொள்ளும், அதுவரை ஒன்றாகத் திரிந்தவையானாலும். மற்றவற்றை 15 மீட்டர் தள்ளி நிழலில் கட்டுங்கள். அவரவர் டிஸ்க் அவரவர் பையில் இருக்கட்டும்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகாமல் ஆடவிடாதீர்கள். குறிப்பாக ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஐந்து நிமிட நடையும் மெல்லோட்டமும் முடிந்தபின் முதல் எறிதல். ஒரு நாளைக்கு மூன்று சுற்று, இடையே 15 நிமிட ஓய்வு போதும். வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. நாக்கு அகன்று தொங்கி, ஈறு செக்கச்சிவந்து, நடை தடுமாறினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஊற்றிக்கொண்டே, மருத்துவரிடம் கொண்டுபோக வண்டியை வரச்சொல்லுங்கள்.