தெருவோரப் பூக்களும் அவற்றின் கதைகளும்: தேடத் தொடங்குவது எப்படி?

1. காலிமனை, வாய்க்கால் கரை, குளக்கரை என்று வீட்டுக்கு அருகில் ஓர் இடம் போதும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள் தொடங்க நல்ல சமயம். விடியற்காலையில் ஓட வேண்டாம். வெயில் கொஞ்சம் ஏறட்டும், அப்போதுதான் நெருஞ்சியெல்லாம் நன்றாக விரிந்திருக்கும்.

2. பூவை மட்டும் படம் எடுத்தால் அடையாளம் காண்பது கஷ்டம். இலை, தண்டு, காய், முழுச்செடி எல்லாம் வேண்டும். தும்பையின் தண்டைத் தடவிப் பாருங்கள், நான்கு பட்டை தெரியும்.

3. ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தை ஏற்றினால் தாவரவியல் பெயர் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனால் செயலியோடு நின்றுவிடாதீர்கள். அதே படத்தைத் தெருவில் ஆடு மேய்ப்பவரிடமோ வயதான பாட்டியிடமோ காட்டுங்கள். டிரைடாக்ஸ் புரொகும்பென்ஸ் என்று செயலி சொல்வதை ஒருவர் கிணற்றடிப்பூண்டு என்பார், இன்னொருவர் வெட்டுக்காயப்பூண்டு என்பார். காயத்தில் அதன் சாற்றைப் பிழிந்த வழக்கம் பெயரிலேயே இருக்கிறது. இத்தனைக்கும் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி!

4. அப்புறம் கதை கேளுங்கள். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். "இதில் என்ன கதை?" என்றால் யாருக்கும் சட்டென்று வராது. "இதை எந்த நாளில் பறிப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக வரும். கொங்குப் பக்கம் பொங்கலுக்கு முன் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வீட்டுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியும் அப்போது வந்து விழும். எருக்கம்பூ என்றால் பிள்ளையார் சதுர்த்தி மாலை. இது புது வழக்கமில்லை: நல்ல பூவிலும் கெட்ட பூவிலும் சேராத எருக்கம்பூவைச் சூட்டினாலும் கடவுள் வேண்டாம் என்று சொல்லாது என்று கபிலர் புறநானூறு 106ஆம் பாட்டில் பாடியிருக்கிறார். தும்பைக்கோ இரண்டு முகம். சிவன் கோயிலில் அது பூசைப் பூ, சங்க காலத்தில் போருக்குச் சூடிய பூ.

5. நோட்டில் தேதி, இடம், செடியின் உள்ளூர்ப் பெயர், சொன்னவர் எந்த ஊர்க்காரர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரை வேறு ஊரில் வேறு செடிக்கு வைத்திருப்பார்கள்.

6. மருந்துக் கதையைக் கேட்கலாம், ஆனால் எதையும் வாயில் போட்டுச் சோதிக்காதீர்கள். ஊமத்தை முழுக்க விஷம், செங்காந்தள் கிழங்கும் அப்படியே. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளோடு போனால் இந்த மூன்றையும் முதலில் காட்டிவிடுங்கள்.