மூன்று எழுத்து, ஒரே கீபோர்டு: என் அனுபவம்

மார்த்தாண்டத்தில் டைப்பிங் வேலை செய்கிறேன். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பழைய பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கும். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூரிலும், பிறகு அது சேர்ந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த பகுதிதானே. அதனால் மலையாள மூலம், தமிழ் விளக்கம், ஆங்கில மனு என மூன்றையும் ஒரே நாளில் அடிக்க வேண்டிவரும்.

என் கம்ப்யூட்டரில் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். அதில் சூப்பர் கீயோடு (விண்டோஸ் சின்னம் இருக்கும் கீ) ஸ்பேஸ் தட்டினால் மொழி மாறும். ஆனால் மலையாளம் அடித்துவிட்டு பிரௌசருக்குப் போனால் அங்கேயும் மலையாளமே வந்து நிற்கும். ஒரு முறை பாஸ்வேர்டு மூன்று தடவை தப்பாகி, அக்கவுண்ட் பூட்டிக்கொண்டது. வாடிக்கையாளர் காத்திருக்கும்போது அது எவ்வளவு வேதனை!

தீர்வு செட்டிங்ஸில், கீபோர்டு பகுதியிலேயே இருந்தது. எல்லா விண்டோவுக்கும் ஒரே மொழி என்று இருந்ததை, ஒவ்வொரு விண்டோவுக்கும் தனித்தனி என்று மாற்றினேன். இப்போது ஆவணம் அடிக்கும் ரைட்டரில் மலையாளம், பிரௌசரில் ஆங்கிலம், அதது அதன் இடத்தில் இருக்கிறது. சூப்பர், ஸ்பேஸோடு ஷிப்டையும் சேர்த்துத் தட்டினால் மொழி பின்னோக்கி மாறும், இதுவும் உதவியது.

அப்புறம் விரல் தடுமாற்றம். தமிழுக்கான தமிழ்99 கீபோர்டு முறையில் 'க' வருவது ஹெச் கீயில். இந்திய மொழிகளுக்கான பொது கீபோர்டு முறை இன்ஸ்கிரிப்ட்; மலையாள இன்ஸ்கிரிப்டில் அதே கீ 'ப' ஒலிக்கு. நாள் முழுக்கக் குழப்பம். கடைசியில் தமிழையும் இன்ஸ்கிரிப்டுக்கே மாற்றினேன். இரண்டிலும் 'க' இருப்பது கே கீயில்தான், ஒலி ஒன்று என்றால் இடமும் பெரும்பாலும் ஒன்று. தமிழ்99 அருமையான முறை, இரண்டு முறை 'க' தட்டினால் தானே 'க்க' ஆகும். அதைக் கைவிட மனசே வரவில்லை. தமிழ் மட்டும் அடிப்பவர்கள் அதிலேயே இருங்கள். மலையாளமும் சேர்ந்து வந்தால், இன்ஸ்கிரிப்டுதான் என் பரிந்துரை.