பண்டாரவளைக் காற்றும் எங்கள் குளத்துத் தளமும்

பண்டாரவளையில் நாங்கள் நடத்தும் சிறிய விடுதியில், நீச்சல் குளத்தின் ஒரு பக்கத்தில் ஜூலையில் 4 அங்குல கொங்கிரீட் தளம் போட்டோம். மறுநாள் காலை பார்த்தால் மயிரிழை போல எங்கும் வெடிப்பு. மனசே விட்டுப்போனது.

காரணம் காற்று. எங்கள் ஊவா மாகாணத் தேயிலைக்கு மணம் தருகிற அதே வறண்ட காற்று, கொங்கிரீட் இறுகுமுன் மேல்நீரை உறிஞ்சிவிட்டது. அந்த மெல்லிய வெடிப்புகள் மேலோட்டமானவை; தூசு தட்டி, பொலிமர் கலந்த சீமெந்துக் குழம்பைத் தேய்த்ததும் அடைந்தன.

ஒன்று மட்டும் குளத்தின் மூலையிலிருந்து ஓரம் வரை ஓடியது. பகல் வெயிலில் தளம் விரிய அந்த வெடிப்பு ஒடுங்கும், இரவுக் குளிரில் தளம் சுருங்க அது அகலும். மேசன் பாஸ் சாந்து அப்பினார். இரண்டே வாரத்தில் மறுபடி பிளந்தது. அசைகிற வெடிப்புக்கு இறுகிப்போகும் பொருள் சரிவராது. அப்புறம் கிரைண்டரால் அதை அகலப்படுத்தி, நுரைக்கயிறு திணித்து, மேலே பொலியூரித்தேன் சீலன்ட் நிரப்பினோம். அது இழுபட்டுக் கொடுக்கும்.

மறுபக்கத்தை அதிகாலையிலேயே ஊற்றி, ஈரச் சாக்கு மூடி 7 நாள் நனைத்தோம். தளம் சுருங்கும்போது வெடிப்பு கண்டபடி ஓடாமல் கோட்டுக்குள்ளேயே விழட்டும் என்று, மறுநாள் காலையே 8 அடிக்கு ஒன்றாக, 1 அங்குல ஆழத்தில் வெட்டுக்கோடு போட்டோம். குளத்துச் சுவரோடு ஒட்டாமல் இடைவெளியும் விட்டோம். மழைக்காலம் வந்து போயிற்று. அந்தப் பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.