ஆர்மீனியன் தெருவோடு நின்றுவிடாதீர்கள்

சென்னையில் குடியேறிய சமூகங்களைப் பற்றி எழுத வரும் புதியவர்கள் பெரும்பாலும் பாரிமுனை ஆர்மீனியன் தெரு தேவாலயத்தில் தொடங்குகிறார்கள். நல்ல இடம்தான். அங்கேயே முடித்துக்கொள்வதில்தான் சிக்கல். அவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் இவை.

ஒரு சமூகத்துக்கு ஒரு கோயில் என்று நினைப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். அந்தத் தேவாலயத்தின் கல்லறைக் கற்களையெல்லாம் படமெடுத்து, ஒரு மாணவர் குழு கையேடு அச்சடித்தது. ‘பெரு வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கானின் கல்லறை காணாமல் போய்விட்டது’ என்று அதில் ஒரு வரி. கல்லறை எங்கும் போகவில்லை. வேப்பேரியில், இன்றைய புனித மத்தியாஸ் ஆலயத்தில் இருக்கிறது. 1751இல் இறந்தவரின் உடல் இங்கே. இதயம் மட்டும் ஆர்மீனியர் குடியிருப்பான ஈரானின் ஜுல்ஃபாவுக்குப் போனது. கையேட்டை மறுபடி அச்சடிக்க மாணவர்கள் கைக்காசைத்தான் போட்டார்கள்.

உஸ்கான் காலத்தில் அந்த வேப்பேரி ஆலயம் மாதா பெயரில் இருந்த கத்தோலிக்கச் சிற்றாலயம். 1749இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து சென்னை திரும்பக் கிடைத்ததும், கத்தோலிக்கர்கள் எதிரிக்கு உதவினார்கள் என்று ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சந்தேகம். சிற்றாலயத்தைப் பறித்து 1752இல் புராட்டஸ்டண்ட் மிஷனரிகளிடம் கொடுத்துவிட்டது. ஆக, ஆர்மீனியர் கல்லறையைப் பார்க்க நீங்கள் சி.எஸ்.ஐ. என்னும் புராட்டஸ்டண்ட் சபையின் ஆலயத்துக்குப் போக வேண்டும். அதன் முன்கதைக்குக் கத்தோலிக்கப் பதிவுகளைப் புரட்ட வேண்டும். பெயர்ப்பலகையைப் பார்த்துத் தேடினால் இது அகப்படாது.

கோயிலுக்கு வெளியேயும் பாருங்கள். சைதாப்பேட்டையில் 1726இல் மர்மலாங் பாலம் உஸ்கானின் பணத்தில்தான் எழுந்தது. பரங்கிமலைப் படிக்கட்டும் அப்படியே. பாலம் போய்விட்டது, அதன் கல்வெட்டு சாலையோரம் நிற்கிறது.

கட்டடத்தின் ஆண்டை வருகையின் ஆண்டாக்குவது

இன்றுள்ள ஆர்மீனியத் தேவாலயம் 1772ஆம் ஆண்டைச் சேர்ந்தது, முந்தையது 1712. ஆனால் 1688இலேயே கம்பெனி ஆர்மீனியர்களோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது: எந்த ஊரில் 40 ஆர்மீனியர் சேர்கிறார்களோ, அங்கே கோயிலுக்கு நிலம் தரப்படும். முதலில் ஆட்கள், அப்புறம்தான் கோயில்.

கல்லில் உள்ள ஆண்டை அப்படியே எழுதுவது

ஆங்கில ஆண்டு கிடைக்க, கல்லில் இருப்பது ஆர்மீனிய ஆண்டென்றால் 551ஐக் கூட்டுங்கள். ஜுல்ஃபா வணிகர்களின் அசாரியா ஆண்டென்றால் 1615. எது என்று தெரியாமல் கூட்டாதீர்கள்.

கல்லில் எழுத்து தெரிய சுண்ணாம்பு தேய்ப்பது

கூடாது. சாய்வாக டார்ச் அடித்தால் போதும்.