ஃபிக்ஸ் முடியும்போது மாதத் தொகையைப் பார்த்து மாறாதீர்கள்

போன மாதம் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் ஒரு நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். காபி குடிக்கும்போது போனை என் பக்கம் நீட்டினார். "அண்ணா, எங்க கரண்ட், கேஸ் ஃபிக்ஸ் இன்னும் மூணு வாரத்துல முடியுது. வேற கம்பெனி பார்த்து சைன் அப் பண்ணிட்டேன். இப்போ மாசம் 131 பவுண்டு கட்டறோம், இதுல 107 தான்." வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் போனை வாங்கிக் கீழே வரை தள்ளிப் பார்த்தேன். ஏழெட்டு வருடத்துக்கு முன் நான் செய்த தப்பு, அச்சு அசலாக அப்படியே இருந்தது.

பிரிட்டனுக்குப் புதிதாக வரும் நம்மவர்களுக்கு இது பழகாத விஷயம். தமிழ்நாட்டில் கரண்ட் என்றால் மின்வாரியம் ஒன்றுதான், யாரிடம் வாங்குவது என்ற கேள்வியே எழாது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மீட்டர் ரீடிங் எடுப்பார்கள், வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம், ஸ்லாப் தாண்டினால் விலை ஏறும். இங்கே இலவச யூனிட் கிடையாது. சாதாரண டாரிஃபில் (கட்டணத் திட்டத்தில்) ஸ்லாபும் கிடையாது, முதல் யூனிட்டும் கடைசி யூனிட்டும் ஒரே விலை. அதற்கு மேல், நீங்கள் ஒரு விளக்குகூடப் போடாத நாளிலும் ஸ்டாண்டிங் சார்ஜ் என்ற தினசரி நிலைக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு விலைகளையும் ஒரு வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ பூட்டி வைப்பதுதான் ஃபிக்ஸட் டாரிஃப், சுருக்கமாக ஃபிக்ஸ். அது முடிந்ததும் நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால், கம்பெனி பெரும்பாலும் விலை அவ்வப்போது மாறும் தன் ஸ்டாண்டர்ட் வேரியபிள் டாரிஃபில் உங்களைச் சேர்த்துவிடும்.

முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரிந்தவர்களும் செய்கிற தப்புகளை மட்டும் எழுதுகிறேன்.

மாதத் தொகையை விலை என்று நினைப்பது

என்னைப் பொறுத்தவரை பெரிய தப்பு இதுதான். வருடா வருடம் யாராவது ஒருவர் இதைச் செய்துவிட்டு வந்து நிற்பதைப் பார்த்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

மாதாமாதம் வங்கியிலிருந்து போகும் டைரக்ட் டெபிட் ஒரு விலையே இல்லை. அது முன்பணம். நீங்கள் வருடத்துக்கு எத்தனை யூனிட் எரிப்பீர்கள் என்று ஒரு கணக்குப் போட்டு, அதைப் பன்னிரண்டால் வகுத்து வாங்குகிறார்கள். அந்தக் கணக்கு தப்பாக இருந்தால் மாதத் தொகையும் தப்பு. பிறகு மீட்டர் ரீடிங் உள்ளே போனதும் உண்மை வெளியே வரும்.

ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். விலைகள் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. முதல் கம்பெனி: கரண்ட் யூனிட் 24 பென்ஸ், நாளுக்கு ஸ்டாண்டிங் சார்ஜ் 50 பென்ஸ், கேஸ் யூனிட் 5.6 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் 30 பென்ஸ். இரண்டாவது கம்பெனி: கரண்ட் 26.5 பென்ஸ், 62 பென்ஸ், கேஸ் 6.1 பென்ஸ், 34 பென்ஸ். நான்கு எண்ணிலும் இரண்டாவதுதான் விலை அதிகம். இதைச் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

சரி, இப்போது முதல் கம்பெனியின் தளத்தில் உங்கள் பில்லில் இருக்கும் உண்மையான அளவைக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்குக் கரண்ட் 2,700, கேஸ் 11,500. ஒரு சராசரி வீட்டுக்கு என்று கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் 2023-ல் எடுத்துக்கொண்ட அளவும் இதுதான். மாதம் 132 பவுண்டு என்று காட்டும். இரண்டாவது தளத்தில் பில்லைத் தேடச் சோம்பல்பட்டு, 'சின்ன வீடு, ஒன்று இரண்டு பேர்' என்பதைத் தட்டிவிடுகிறீர்கள். அது தானாகவே கரண்ட் 1,800, கேஸ் 7,500 என்று எடுத்துக்கொள்ளும். மாதம் 107 பவுண்டு என்று வரும். 132-க்கும் 107-க்கும் நடுவே யார்தான் யோசிப்பார்கள்?

வருடக் கடைசியில் நீங்கள் எரித்தது என்னவோ அதே 2,700, அதே 11,500. முதல் கம்பெனியில் அதன் விலை 1,584 பவுண்டு. இரண்டாவதில் 1,767. மலிவு என்று மாறிய இடத்தில் 183 பவுண்டு கூடுதலாகப் போகிறது. அதுவும் மாதம் 107 வீதம்தான் கட்டியிருப்பதால், சுமார் 480 பவுண்டு பாக்கி என்று ஒரு கடிதமும் வரும்.

எனக்கு அந்தக் கடிதம் ஒரு ஏப்ரலில் வந்தது. அப்போது ஸ்லவ்வில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் வாடகைக்கு இருந்தோம். மாதம் 62 பவுண்டு என்றதும் மாறினேன். படிவத்தில் 'குறைவான பயன்பாடு' என்று போட்டது நான்தான். இரண்டு பேர், பகலில் வேலைக்குப் போய்விடுவோம், குறைவுதானே என்று நினைத்தேன். அந்த வருடம் மகள் பிறந்தாள். நவம்பரில் திருச்சியிலிருந்து மாமியார் வந்தார். கைக்குழந்தை, ஊர்க் குளிர்கூட ஆகாத வயதான ஒரு மனுஷி. ஹீட்டிங் காலை ஆறு மணிக்குப் போட்டால் இரவு பதினொன்றுக்குத்தான் நிற்கும். குழந்தைத் துணி காய டிரையர் தினமும் ஓடியது. ஐந்து மாதம் இப்படிப் போனது, டைரக்ட் டெபிட் மட்டும் அசையாமல் 62-லேயே நின்றது. நான் ரீடிங் கொடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஏப்ரலில் 410 பவுண்டு பாக்கி, அடுத்த மாதத்திலிருந்து 131 என்று எழுதியிருந்தது. என் மனைவிக்குப் பேறுகால விடுப்பில் சம்பளம் குறைந்திருந்த நேரம் அது.

அந்த 410 பவுண்டை நான் நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். எரித்தோம், கட்டினோம். குழந்தை சூடாக இருந்தாள், அது போதும். நஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, விட்டுவிட்டு வந்த கம்பெனியின் யூனிட் விலைதான் குறைவு என்று தெரிந்தது. அந்த இரண்டு காகிதங்களையும் மாறுவதற்கு முன் ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

அதனால் ஒப்பிடும்போது மாதத் தொகை இருக்கும் பக்கமே போகாதீர்கள். பில்லில் வருடப் பயன்பாடு என்று கிலோவாட் மணியில் (யூனிட் என்று சொல்வது இதைத்தான்) இரண்டு எண்கள் இருக்கும், ஒன்று கரண்ட், ஒன்று கேஸ். அவை உண்மையான ரீடிங்கிலிருந்து வந்தவையா, கம்பெனியின் உத்தேசமா என்று பாருங்கள். உத்தேசம் என்றால், போன வருடம் இதே மாதத்து ரீடிங்கைத் தேடி எடுத்து இன்றைய ரீடிங்கிலிருந்து கழியுங்கள். அப்புறம் ஒவ்வொரு கம்பெனியிடமும் நான்கு விலையைக் கேளுங்கள்: இரண்டு யூனிட் விலை, இரண்டு ஸ்டாண்டிங் சார்ஜ். யூனிட்டை விலையால் பெருக்கி, ஸ்டாண்டிங் சார்ஜை 365-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வருகிற வருடம் ஊரிலிருந்து பெரியவர்கள் குளிர்காலத்தில் வந்து தங்கப்போகிறார்கள் என்றால் கேஸ் யூனிட்டை ஏற்றிப் போடுங்கள்.

'வருடத்துக்கு 300 பவுண்டு மிச்சம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அது பெரும்பாலும் நீங்கள் இன்று கட்டும் தொகையோடு ஒப்பிட்டது இல்லை. நீங்கள் ஒன்றும் செய்யாமல் வேரியபிளில் விழுந்தால் என்ன ஆகும் என்பதோடு ஒப்பிட்டது.

கேஸ் மீட்டர் எண்ணை அப்படியே யூனிட்டாகப் போடுவது

கேஸ் மீட்டர் கன மீட்டரில் ஓடும். பில்லோ கிலோவாட் மணியில் வரும். ஒரு கன மீட்டர் சுமார் 11 கிலோவாட் மணி. கிராய்டனில் ஒரு தங்கை தன் மீட்டரில் வருடத்துக்கு 1,040 ஓடியிருக்கிறது என்று பார்த்து, கேஸ் பயன்பாடு 1,040 என்று போட்டுவிட்டார். உண்மையில் அது 11,500-ஐ ஒட்டி வரும். மாதத் தொகை பாதியாகத் தெரிந்தது, வேறென்ன ஆகும்? பழைய மீட்டரில் கன அடி என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதில் ஒரு எண் நகர்ந்தால் நூறு கன அடி, ஏறக்குறைய 32 கிலோவாட் மணி.

கேப் இருக்கிறது, அதற்கு மேல் பில் வராது என்று நம்புவது

2019 ஜனவரி 1 முதல் ஆஃப்ஜெம் கேப் என்ற விலை உச்சவரம்பு வைத்திருக்கிறது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் அதை மாற்றுகிறார்கள். 2025 அக்டோபரில் 1,755 பவுண்டு என்று செய்தியில் வந்ததே, அது சராசரி வீட்டுக்கான வருடக் கணக்கு. வரம்பு இருப்பது யூனிட் விலைக்கும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கும்தான். நீங்கள் இரண்டு மடங்கு எரித்தால் பில் 3,000-ஐத் தாண்டிப் போகும். ஃபிக்ஸட் டாரிஃபுக்கு அந்த வரம்பே பொருந்தாது, கேப்பை விட விலை அதிகமான ஃபிக்ஸும் விற்பார்கள்.

விற்றும் இருக்கிறார்கள். 2021 செப்டம்பரில் மொத்தச் சந்தையில் கேஸ் விலை தலைதெறிக்க ஏறியபோது, சில மாதங்களில் இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் மூடப்பட்டன. அப்போது கிடைத்த புதிய ஃபிக்ஸ் எல்லாம் கேப்பை விட மிக அதிகம். அந்த நேரத்தில் ஃபிக்ஸ் முடிந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேரியபிளில் இருந்ததே சரியான முடிவு. பயத்தில் கிடைத்த ஃபிக்ஸைப் பிடித்தவர்கள் அந்தக் குளிர்காலம் முழுக்கக் கூடுதலாகக் கட்டினார்கள். ஆகவே ஃபிக்ஸ் என்றாலே மலிவு என்று எண்ண வேண்டாம். இன்றைய கேப்பையும், அடுத்த சில காலாண்டுகளுக்கு கார்ன்வால் இன்சைட் போன்ற எரிசக்திச் சந்தை ஆய்வு நிறுவனங்கள் சொல்லும் கணிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அவசரப்பட்டு வெளியேறி எக்ஸிட் ஃபீ கட்டுவது

ஃபிக்ஸ் முடியுமுன் விலகினால் வாங்கும் கட்டணம்தான் எக்ஸிட் ஃபீ. ஃபிக்ஸின் கடைசி 49 நாளில் அது கிடையாது. அதுவரை பொறுங்கள்.

டைரக்ட் டெபிட்டை நாமே கேன்சல் செய்வது

வேண்டாம். கடைசி பில் முடியட்டும்.

வாடகை வீடு, மாற்ற முடியாது என்று விட்டுவிடுவது

பில் உங்கள் பெயரில் வருகிறதென்றால் மாற்றும் உரிமையும் உங்களுக்குத்தான்.

வாட்ஸாப் குழுவில் வந்த விலையை நம்புவது

மான்செஸ்டரில் இருப்பவருக்குக் கிடைத்த விலை லண்டனில் இருப்பவருக்குக் கிடைக்காது. கரண்டுக்கு நாடு 14 பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே டாரிஃப் பெயர், ஆனால் பகுதிக்கு ஒரு விலை. உங்கள் போஸ்ட்கோடைப் போட்டுப் பாருங்கள். பழைய எகானமி 7 மீட்டர் இருக்கும் வீடென்றால் பகலுக்கு ஒரு விலை, இரவுக்கு ஒரு விலை என்பதால் ஒற்றை விலையோடு ஒப்பிடவே முடியாது.

மாறும் நாளில் ரீடிங்கை எடுக்காமல் விடுவது

இப்போது மாறுவதற்கு ஐந்து வேலை நாள் போதும். வயரும் குழாயும் அதேதான், ஒரு நிமிடம்கூடக் கரண்ட் போகாது. அந்த ஒரு நாளின் ரீடிங்தான் பழைய கம்பெனியின் கடைசி பில்லும் புதிய கம்பெனியின் முதல் பில்லும். ஸ்மார்ட் மீட்டர் இருந்தாலும் நான் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் திறந்து, வேக்யூம் கிளீனரையும் அரிசி மூட்டையையும் நகர்த்திவிட்டு, டார்ச் அடித்து இரண்டு மீட்டரையும் போட்டோ எடுப்பேன். மீட்டரின் சீரியல் எண்ணும் படத்தில் விழ வேண்டும். ஒரு முறை பழைய கம்பெனி உத்தேசமாக 300 யூனிட் கூட்டிக் கடைசி பில் அனுப்பியது. படத்தை அனுப்பினேன், திருத்தினார்கள். கடைசி பில் ஆறு வாரத்துக்குள் வர வேண்டும், கணக்கில் உங்கள் பணம் மிச்சமிருந்தால் அந்த பில் வந்ததிலிருந்து பத்து வேலை நாளுக்குள் திரும்ப வர வேண்டும். புகார் கொடுத்து எட்டு வாரம் ஆகியும் தீரவில்லை என்றால் எனர்ஜி ஆம்புட்ஸ்மன் என்ற நடுநிலையான புகார் அமைப்பிடம் போகலாம், கட்டணம் இல்லை.

ரெடிங் நண்பர் கதைக்கு வருகிறேன். அவர் மனைவி பழைய பில்லை எடுத்து வந்தார். வருடக் கேஸ் பயன்பாடு 12,000-க்குப் பக்கம். புதிய கம்பெனியின் படிவத்தில் 7,500. நான்கு விலையையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பெருக்கினோம். இப்போது இருக்கும் கம்பெனியே தர முன்வந்திருந்த புதிய ஃபிக்ஸ் 140 பவுண்டு குறைவாக வந்தது. சைன் அப் செய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மனம் மாறினால் விலகிக்கொள்ள 14 நாள் உண்டு, மாறும் தேதியும் இன்னும் வரவில்லை. காபி டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் அவர் கேன்சல் மெயிலை அனுப்பிவிட்டார்.