உளி வாங்கும்போது முதுகைப் பாருங்கள்

உளி வாங்க வருபவர்கள் பெரும்பாலும் முனையில் சாய்வாகத் தீட்டிய சரிவுப் பக்கத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். முக்கியம் அதற்கு எதிரே உள்ள தட்டையான பக்கம், அதாவது முதுகுதான். கூர் என்பது இரண்டு பரப்புகள் கூடும் கோடு. முதுகு சரியில்லையென்றால் சரிவை எத்தனை நாள் தீட்டினாலும் கூர் பிடிக்காது.

இரும்பு ஸ்கேலின் விளிம்பை முதுகில் நீளவாக்கில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் லேசான குழி இருந்தால் பரவாயில்லை. மேடாக இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். சாணைக்கல்லில் வைத்ததும் உளி ஆடும், முனை கல்லைத் தொடாது. அலகும் பிடியும் ஒரே நேராக இருக்கிறதா, பிடியின் வளையமான பூண் இறுக்கமா என்றும் பாருங்கள். தொடங்குபவருக்கு 6, 12, 25 மி.மீ. அகலத்தில் மூன்று உளி போதும்.

தீட்டுவதற்கு முன் கல்லைச் சமமாக்குங்கள். கல் முழுக்கப் பென்சிலால் கட்டம் போட்டு, தடித்த கண்ணாடி மேல் ஒட்டிய 220 எண் எமரி தாளில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள் (தாளிலும் கல்லிலும் எண் கூடக்கூட மணி நுண்மையாகும்). எல்லாக் கோடும் அழியும்வரை விடாதீர்கள். குழி விழுந்த கல்லில் தீட்டினால் முதுகும் உருண்டுபோகும்.

புது உளிக்கு முதல் வேலை முதுகு. முனையிலிருந்து 3 செ.மீ. அளவை 1000 எண் கல்லிலும் பிறகு 6000 எண் கல்லிலும் அழுத்தித் தேய்த்து, முனைவரை ஒரே பளபளப்பு வரச் செய்யுங்கள். பொறுமை தேவைப்படும் வேலைதான், ஆனால் ஒரு முறை செய்தால் போதும்.

அடுத்து சரிவு. கோணமானி தேவையில்லை: சரிவின் நீளம் அலகின் கனத்தைப்போல் இரண்டு மடங்கு என்றால் 30 பாகை. 4 மி.மீ. கனத்துக்கு 8 மி.மீ. சரிவு, அதுவே ஏறக்குறைய 9.5 மி.மீ. என்றால் 25 பாகை. கையால் தள்ளிச் செதுக்க 25 பாகை நல்லது. கொட்டாப்புளியால் அடித்துத் துளை எடுக்க 30க்குக் குறையக் கூடாது, முனை பொடிந்துவிடும்.

1000 கல்லில் தேய்க்கும்போது முதுகுப் பக்கம் விரலை முனைக்கு வெளியே தள்ளித் தடவுங்கள். ஒருபோதும் முனையின் நீளத்துக்கு இழுக்காதீர்கள். அகலம் முழுக்கப் பிசிறு, அதாவது முனையில் மடங்கி நிற்கும் மெல்லிய உலோக விளிம்பு, தட்டுப்பட்ட பிறகே 6000 கல்லுக்குப் போக வேண்டும். பலர் அவசரப்படும் இடம் இதுதான். நடுவில் மட்டும் பிசிறு வந்தால் ஓரங்கள் இன்னும் மழுங்கியே இருக்கின்றன. 6000 கல்லில் சரிவைப் பத்து இழுப்பு, முதுகைப் படுக்கவைத்து இரண்டு இழுப்பு என்று மாறிமாறிச் செய்தால் பிசிறு உதிர்ந்துவிடும். முதுகை இம்மியும் தூக்கக் கூடாது.

மின்சாணையில் பிடித்தால் இரண்டு மூன்று நொடிக்கு ஒரு முறை தண்ணீரில் தோய்க்க வேண்டும். சாதாரணக் கார்பன் எஃகின் முனை நீலம் பாய்ந்தால் பதம், அதாவது எஃகின் கடினம், போனது என்று பொருள். அந்த நீலப் பகுதி முழுவதையும் தேய்த்தெடுக்காமல் கூர் நிற்காது. தேக்கில் சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். வேலைக்கு நடுவே 6000 கல்லில் சில இழுப்பு கொடுத்துக்கொண்டே இருங்கள்.

கூர் பார்க்க நகத்தில் வைப்பதும் வேண்டாம், முடி மழிப்பதும் வேண்டாம். பேக்கிங் பெட்டியின் பைன் துண்டை எடுத்து, அறுத்த தலைப்பக்கத்தை மெல்லச் சீவுங்கள். மழுங்கிய உளி அந்த மென்மையான நாரை நசுக்கும். கூரான உளி வழவழப்பாக வெட்டும். சீவிய இடத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் முனையில் அந்த இடத்தில் பல் விழுந்திருக்கிறது. மறுபடி 1000 கல்லிலிருந்து தொடங்குங்கள்.