டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்பவர் தம் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படிப்பது எப்படி?

பருவமடையும் வரை பையனுக்கும் பெண்ணுக்கும் ஹீமோகுளோபின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். விரைகள் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்கிய பிறகுதான் பையனின் அளவு மேலே ஏறுகிறது. பெரியவர்களில் ஒரு டெசிலிட்டருக்கு ஆணுக்கு 13 கிராமுக்கும் பெண்ணுக்கு 12 கிராமுக்கும் கீழே இருந்தால் ரத்தசோகை என உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. இந்த வேறுபாட்டில் மாதவிடாய் இழப்புக்கும் பங்கு உண்டு என்றாலும், ஆண் ஹார்மோனின் பங்கைச் சிறிதென்று சொல்ல முடியாது.

சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சிறுநீரகம் கூடுதலாகச் சுரக்க டெஸ்டோஸ்டிரோன் வழிசெய்கிறது. அதோடு, இரும்புச்சத்தைப் பூட்டி வைக்கும் ஹெப்சிடின் என்ற கல்லீரல் புரதத்தையும் அது குறைப்பதால், குடலிலிருந்தும் உடலின் சேமிப்பிலிருந்தும் எலும்பு மஜ்ஜைக்கு இரும்பு தாராளமாகக் கிடைக்கிறது. மருந்தாக இதைப் பெறுபவர், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கின்றன என்று காட்டும் ஹீமட்டோகிரிட்டை முதலில் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

சிகிச்சை தொடங்குமுன் ஒரு முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமட்டோகிரிட் 48 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், காரணத்தைக் கண்டறியாமல் தொடங்கக் கூடாது. தொடங்கிய பின் 3 முதல் 6 மாதங்களுக்குள் ஒருமுறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் பார்ப்பது நடைமுறை. 54 சதவீதத்தைத் தாண்டினால் மருத்துவர் மருந்தை நிறுத்தி, அளவு இறங்கிய பிறகு குறைந்த அளவில் மீண்டும் தருவார். ரத்தம் கெட்டியாகும்போது உறைகட்டி உருவாகும் அச்சம் இருப்பதே இதற்குக் காரணம்.

எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். தண்ணீர் போதாத நாளில் எடுத்த ரத்தத்தில் ஹீமட்டோகிரிட் பொய்யாக உயர்ந்து தெரியும். நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பார்க்கலாம். புகைபிடிப்பவருக்கும், தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டுப் பலமாகக் குறட்டை விடுபவருக்கும் மருந்தில்லாமலே அது உயரக்கூடும். தசையில் போடும் ஊசி, தோலில் தடவும் ஜெல்லைவிட அதிகமாக உயர்த்துகிறது. ஆகவே அளவு ஏறினால் மருந்தின் வடிவத்தை மாற்றலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி. தாமாகவே அடிக்கடி ரத்ததானம் செய்து சமாளிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் இரும்புச்சத்து வற்றிப்போகும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. புராஸ்டேட் புற்றுநோய்க்காக ஆண் ஹார்மோனை ஒடுக்கும் ஊசி பெறுபவருக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்குச் சுமார் 1 கிராமோ அதற்கு மேலோ இறங்குவது வழக்கம். இரும்புச்சத்து போதுமான அளவில் இருந்தால் இரும்பு மாத்திரை இதைச் சரிசெய்யாது. ஆனாலும், வயதானவரின் ரத்தசோகையை முழுக்க ஹார்மோன் கணக்கில் எழுதிவிட்டால், குடலில் கசியும் ரத்தம் கண்ணில் படாமல் போகலாம்.

உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ கொடுத்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள் மருத்துவரிடம் அதை மறைக்காதீர்கள். மறைத்தால், உயர்ந்த ஹீமட்டோகிரிட்டுக்குக் காரணம் தேடி எலும்பு மஜ்ஜை நோயைக் காட்டும் ஜாக்2 மரபணுச் சோதனை வரை அவர் போக நேரிடும், செலவு உங்களுடையது.